இடைத்தங்கல் நேரமும் விமான நிலைய வசதிகளும்: சிங்கப்பூர் சாங்கி

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் செல்லும் பயணி, வழியில் வேறொரு நாட்டின் விமான நிலையத்தில் இறங்கி அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரம் இடைத்தங்கல் எனப்படும். பேச்சு வழக்கில் இதை ‘டிரான்சிட்’ என்று சொல்கிறோம். இது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகவும் நீளலாம்.

மகளின் பிரசவத்துக்காக மெல்போர்னுக்கோ, மகன் குடும்பத்தைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவுக்கோ தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பெற்றோர் பலர் சிங்கப்பூரில்தான் விமானம் மாறுகிறார்கள். அவர்களில் பலருக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று தெரியாததால், இறங்கியதும் கேட்டைத் தேடிப்பிடித்து, ஏழெட்டு மணி நேரமும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். தண்ணீர் குடிப்பதில்லை, கால் நீட்டுவதில்லை. அடுத்த விமானத்தில் மீண்டும் ஏழு மணி நேரமோ பதினைந்து மணி நேரமோ அமர வேண்டும். இவ்வாறு அசையாமல் இருப்பது உடலுக்குக் கேடு.

அந்த விமான நிலையத்தில் தோட்டமும், திரையரங்கும், சாய்ந்து படுக்கும் நாற்காலியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தத் தேவையானது பணமன்று. சில அடிப்படை விவரங்கள். அவற்றைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாங்கி விமான நிலையம்

சிங்கப்பூரின் விமானப் போக்குவரத்து 1937-இல் திறக்கப்பட்ட காலாங் நிலையத்திலும், பின்னர் 1955 முதல் பாய லேபார் நிலையத்திலும் நடந்தது. நகரத்தின் நடுவே விரிவாக்கத்துக்கு இடமில்லாததால், தீவின் கிழக்கு முனையிலுள்ள சாங்கியில் கடலோரத்தை மண்ணிட்டு நிரப்பிப் புதிய நிலையம் கட்ட 1975-இல் முடிவு செய்யப்பட்டது. 1981 ஜூலை 1 அன்று சாங்கி செயல்படத் தொடங்கியது. இரண்டாம் முனையம் 1990-இலும், மூன்றாம் முனையம் 2008-இலும், நான்காம் முனையம் 2017-இலும் திறக்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் 6.8 கோடிக்கும் அதிகமான பயணிகள் இந்நிலையத்தைப் பயன்படுத்தினர். ஸ்கைட்ராக்ஸ் நிறுவனத்தின் ‘உலகின் சிறந்த விமான நிலையம்’ விருதை 2013 முதல் 2020 வரை தொடர்ந்து 8 ஆண்டுகள் சாங்கி பெற்றது.

இத்தனை வசதிகள் ஏன்?

சிங்கப்பூர் ஒரு நகர நாடு. அங்கே உள்நாட்டு விமானப் போக்குவரத்து கிடையாது. வரும் பயணி அனைவரும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். சென்னையிலிருந்து ஆஸ்திரேலியா செல்பவர் கோலாலம்பூர் வழியாகவோ பாங்காக் வழியாகவோகூடச் செல்லலாம். அவர் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அங்கே காத்திருக்கும் நேரம் இனிமையாக இருக்க வேண்டும். மனநிறைவோடு உலாவும் பயணி கடைகளிலும் உணவகங்களிலும் செலவிடுவார். கடை வாடகை விமான நிலையத்துக்கு வருவாய் தரும். இதுவே இவ்வசதிகளின் பின்னாலுள்ள கணக்கு.

இடைத்தங்கல் பயணிக்கும் ஒரு நிலையக் கட்டணம் விதிக்கப்பட்டு, அது பயணச்சீட்டு விலையிலேயே சேர்க்கப்படுகிறது. ஆகவே இலவச நாற்காலியில் சாய்வதற்கோ, தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கோ எவரும் கூச்சப்படத் தேவையில்லை.

உள்பகுதியும் வெளிப்பகுதியும்

விமான நிலையத்தில் பயணி முதலில் அறிய வேண்டியது ஓர் எல்லைக்கோடு. தரையில் வரையப்பட்ட கோடு அன்று. குடிநுழைவுச் சோதனை முகப்புகளே அந்த எல்லை.

விமானத்திலிருந்து இறங்கியவர் முதலில் நுழைவது இடைமாற்றுப் பகுதி. இதை உள்பகுதி என்று கொள்வோம். இங்கே இருக்கும் வரை பயணி சட்டப்படி சிங்கப்பூருக்குள் நுழையவில்லை, விசா தேவையில்லை, சிங்கப்பூர் வருகை அட்டையும் நிரப்ப வேண்டியதில்லை. குடிநுழைவு முகப்பைக் கடந்தால் வெளிப்பகுதி. அங்கே செல்வதென்றால் நாட்டுக்குள் நுழைவதற்கான விதிகள் அனைத்தும் பொருந்தும்.

இந்த வேறுபாட்டை அறியாமல் ஏமாறுவோர் உண்டு. ஜுவல் கட்டடத்தின் நீர்வீழ்ச்சியைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசையோடு வருவார்கள். அது வெளிப்பகுதியில் உள்ளது. விசா இல்லாத இந்தியப் பயணி அங்கே செல்ல இயலாது. தங்கும் விடுதிகளிலும் இதே சிக்கல் உண்டு. ஜுவலில் உள்ள யோட்டல்ஏர், மூன்றாம் முனையத்தை ஒட்டிய கிரவுன் பிளாசா ஆகியவை வெளிப்பகுதியில் இருப்பவை. முதலாம் முனையத்தின் ஏரோடெல் உள்பகுதியில் இருப்பது. இணையத்தில் அறை பதிவு செய்யும் பிள்ளைகள், விடுதி எந்தப் பகுதியில் உள்ளது என்பதைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

சீட்டு எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது இன்னொன்று. முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருந்தால், பெட்டிகள் பொதுவாகக் கடைசி ஊர் வரை தாமாகவே சென்றுவிடும். சென்னையில் பெட்டியில் ஒட்டப்படும் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விலை குறைவு என்பதற்காக இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாகச் சீட்டு வாங்கினால், சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரலாம். பெட்டி எடுக்கும் இடம் குடிநுழைவுக்கு அப்பால் உள்ளது. அதற்கு விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கக்கூடும்.

இறங்கியவுடன் செய்ய வேண்டியவை

சாங்கியின் முதல் மூன்று முனையங்களில், பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட்டின் வாயிலிலும் நடக்கிறது. அதனால் இறங்கும் பயணி நேரே கடைகளும் தோட்டங்களும் உள்ள பகுதிக்கே வந்துவிடுகிறார். வந்தவுடன் பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

1. அடுத்த விமானத்தின் எண்ணை அறிவிப்புத் திரையில் தேடி, முனையத்தையும் கேட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். நீண்ட இடைத்தங்கலில் கேட் எண் உடனே தெரியாமல் இருக்கலாம். அப்போது முனையத்தை மட்டும் அறிந்துகொண்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

2. அடுத்த பயணத்துக்கான போர்டிங் பாஸ் கையில் இல்லையென்றால், இடைமாற்று முகப்பில் கடவுச்சீட்டைக் காட்டிப் பெற வேண்டும்.

3. கடிகாரத்தை மாற்ற வேண்டும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட 2½ மணி நேரம் முந்தியது. இந்தியாவில் காலை 8 மணி என்றால் சிங்கப்பூரில் 10.30. போர்டிங் பாஸில் அச்சிடப்பட்டிருப்பது சிங்கப்பூர் நேரம்.

4. இலவச வைஃபை இணைப்பைப் பெற்று வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். இந்திய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வராவிட்டால் தகவல் முகப்பில் உதவி கேட்கலாம்.

முதல் மூன்று முனையங்களையும் ஸ்கைட்ரெயின் எனும் ஓட்டுநரில்லாத சிறு ரயில் இணைக்கிறது. கட்டணமில்லை. நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் அது ஓடாது. அப்போது உள்பகுதி வழியாகவே நடந்து செல்லலாம். நான்காம் முனையம் தனியே உள்ளது. அதற்கு இடைமாற்றுப் பயணிகளுக்கான பேருந்து உண்டு. அங்கே போய்வரக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

நேரக் கணக்கு

காலை 6 மணிக்கு இறங்கி, பிற்பகல் 2 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 8 மணி நேரம். இறங்கி வெளியே வர அரை மணி. கேட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றுவிட வேண்டும். மீதி 6½ மணி நேரம். உணவுக்கும் ஓய்வறைக்கும் ஒன்றரை மணி ஒதுக்கினால், உண்மையில் கையிலிருப்பது 5 மணி நேரம். அதில் 2 மணி நேரம் படுத்து எழலாம். மீதி 3 மணி நேரத்தில் இரண்டு முனையங்களைச் சுற்றிப் பார்க்கலாம்.

இடைத்தங்கல் 3 மணி நேரத்துக்குக் குறைவு என்றால், விமானம் புறப்படும் முனையத்தை விட்டு நகராமல் இருப்பதே நல்லது. நேரம் எவ்வளவு இருந்தாலும், முதலில் கேட் இருக்கும் திசையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு உலாவப் போவது மனத்துக்கு அமைதி தரும்.

உள்பகுதியில் காண வேண்டியவை

முதலாம் முனையத்தின் மேல்தளத்தில் கள்ளித் தோட்டம் இருக்கிறது. திறந்த வெளி என்பதால் குளிரூட்டிய காற்றிலிருந்து விடுபட்டு வெயில் காயலாம். ஏரோடெல் விடுதியின் நீச்சல் குளமும் இம்முனையத்தில்தான் உள்ளது. விடுதியில் தங்காதவர்கள் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் முனையத்தில் சூரியகாந்தித் தோட்டம் உள்ளது. ஓடுபாதையைப் பார்த்தபடி பூக்களின் நடுவே நிற்கலாம். பெரும் சீரமைப்புக்குப் பின் 2023-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இம்முனையத்தில், ‘டிரீம்ஸ்கேப்’ எனும் உள்ளரங்கத் தோட்டமும் அமைக்கப்பட்டுள்ளது. அதன் கூரையில் வானம் போன்ற காட்சி திரையில் மாறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் முனையத்தின் சிறப்பு பட்டாம்பூச்சித் தோட்டம். சிறு நீர்வீழ்ச்சி, பூச்செடிகள், பறந்து திரியும் பட்டாம்பூச்சிகள் என இரண்டு தளங்களில் அது அமைந்துள்ளது. கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வெளிவருவதைக் காணவும் இடமுண்டு. பாடப்புத்தகத்தில் படம் பார்த்துப் படித்த வாழ்க்கைச் சுழற்சியைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டலாம். பட்டாம்பூச்சிகள் சுறுசுறுப்பாக இருப்பது பகலில். ஆகவே காலை வேளையில் செல்வது பயன் தரும். இதே முனையத்தில் நாள் முழுவதும் இயங்கும் இலவசத் திரையரங்கும் உள்ளது.

நான்காம் முனையத்தில் விமானம் ஏறுவோர், அங்குள்ள மரபுப் பகுதியைக் காணலாம். பழைய கடைவீடுகளின் முகப்புகள் அப்படியே அமைக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் பெரானாக்கான் மக்களின் காதல் கதை ஒன்று ஒளிப்படக் காட்சியாக ஓடுகிறது. உள்ளூர் மலாய்ப் பண்பாட்டோடு கலந்த குடியேறிகளின் வழித்தோன்றல்களே பெரானாக்கான் மக்கள். தமிழ் வம்சாவளியினரான மலாக்கா செட்டிகளும் அவர்களுள் அடங்குவர்.

தோட்டங்களும் அரங்குகளும் பராமரிப்புக்காகச் சில காலம் மூடப்படுவதுண்டு. பயணத்துக்கு முன் நிலையத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறக்கம், நீர், உணவு

முதல் மூன்று முனையங்களிலும் சாய்வு நாற்காலிகள் கொண்ட ஓய்வுப் பகுதிகள் உள்ளன. கட்டணமில்லை, முன்பதிவும் இல்லை. இரவில் விரைவில் நிரம்பிவிடும். தூங்கும் முன் கைபேசியில் அலாரம் வைக்க வேண்டும். சிங்கப்பூர் நேரத்துக்கு வைத்திருக்கிறோமா என்று சரிபார்க்க வேண்டும். கடவுச்சீட்டும் பணமும் உள்ள பை உடலோடு இருக்கட்டும். குளிரூட்டல் கடுமையாக இருக்கும். ஒரு சால்வையும் ஒரு ஜோடிக் காலுறையும் கைப்பையில் அவசியம். கட்டணம் செலுத்திக் குளிக்கும் வசதியும், சில மணி நேரத்துக்கு மட்டும் எடுக்கும் அறைகளும், பொதுப் பயணிகள் பணம் கட்டிப் பயன்படுத்தும் ‘லவுஞ்ச்’ ஓய்வுக்கூடங்களும் உண்டு. கால் பிடித்துவிடும் இலவச இயந்திரங்களும் ஆங்காங்கே உள்ளன.

சிங்கப்பூரின் குழாய்நீர் குடிக்கத் தக்கது. குடிநீர்க் குழாய்கள் எல்லா முனையங்களிலும் இருப்பதால், காலி பாட்டில் ஒன்று இருந்தால் தண்ணீருக்குச் செலவே இல்லை. ஆனால் கேட்டின் சோதனையில், 100 மில்லிக்கு மேற்பட்ட கொள்கலனில் உள்ள திரவத்தை அனுமதிக்க மாட்டார்கள். பாட்டிலைக் காலி செய்துவிட்டுச் செல்ல வேண்டும். தயிர், ஊறுகாய், சட்னி போன்றவையும் இதே விதிக்குள் வரும். வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியையும் சப்பாத்தியையும் இடைத்தங்கலிலேயே உண்டு முடிப்பது நல்லது. குறிப்பாக ஆஸ்திரேலியா செல்வோர், மிச்ச உணவோடு இறங்கினால் அங்கே அறிவிப்புப் படிவத்தில் அதைத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் அபராதம்.

முதியோர் கவனத்துக்கு

பல மணி நேரம் கால்களைத் தொங்கவிட்டு அசையாமல் அமர்ந்தால் கால் வீங்கும். சிலருக்குக் காலின் உட்சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து சிறிது தூரம் நடக்க வேண்டும். அடிக்கடி ஓய்வறை செல்ல நேருமே என்று தண்ணீரைத் தவிர்ப்பது தவறு. ஓய்வறைகள் சில நிமிட நடையிலேயே இருக்கின்றன.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்வோர், நேர மாற்றத்தில் எப்போது எடுத்துக்கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துகள் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். நிலையத்திலேயே கட்டண மருத்துவகங்களும் உள்ளன.

சக்கர நாற்காலி உதவி கேட்டவர்களை, உதவியாளர் ஓரிடத்தில் அமர வைத்து, நேரம் வரும்போது அழைத்துச் செல்வது விமான நிலையங்களில் வழக்கம். நடக்க இயன்றவர்கள், “எத்தனை மணிக்கு வருவீர்கள்? அதுவரை அருகில் உலாவலாமா?” என்று உதவியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. எல்லா ஊழியருக்கும் தமிழ் தெரியும் என்று பொருளில்லை. ஆனால் தமிழ் பேசும் ஊழியரைச் சந்திக்கும் வாய்ப்பு மற்ற நாடுகளைவிட அதிகம். ஆங்கிலத்தில் தயங்குவோர் விமான எண்ணும் நேரமும் எழுதிய தாளைக் காட்டினாலே போதும்.

வெளியே செல்ல விரும்பினால்

2019 ஏப்ரல் 17 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஜுவல் சாங்கி, முதலாம் முனையத்தின் முன்னாலுள்ள கண்ணாடிக் குவிமாடக் கட்டடம். கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி வடிவமைத்தது. அதன் நடுவே கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் விழும் ரெயின் வோர்டெக்ஸ், உலகின் மிக உயரமான உள்ளரங்க நீர்வீழ்ச்சி. அதைச் சுற்றி மரங்களும் செடிகளும் அடுக்கடுக்காக நடப்பட்டுள்ளன. மாலைக்குப் பின் ஒளி ஒலிக் காட்சி நடைபெறும். முதலாம் முனையத்தின் புறப்பாட்டு மண்டபத்தில், 1,216 செந்நிற உலோகத் துளிகள் ஏறி இறங்கி வடிவம் மாறும் ‘கைனெட்டிக் ரெயின்’ சிற்பமும் வெளிப்பகுதியில்தான் உள்ளது.

இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குக் குறுகிய காலத்துக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு விசா தேவை. எனினும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் செல்லத்தக்க விசா உள்ள இந்தியர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு 96 மணி நேரம் வரை விசா இன்றி நுழையும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தமக்கு அது பொருந்துமா என்பதைப் பயணத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடமும், சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்திலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியுடையது. வெளியே செல்வோர் வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும்; அதற்குக் கட்டணமில்லை. பணம் கேட்கும் இணையதளம் அரசினுடையது அன்று.

ஜுவலுக்குச் செல்வதும் சிங்கப்பூருக்குள் நுழைவதே. ஆகவே சுங்க விதிகள் பொருந்தும். வாயிலிட்டு மெல்லும் புகையிலை, சூயிங்கம், மின்சிகரெட் ஆகியவற்றுக்கு அங்கே தடை உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமுள்ளவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

5½ மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு உட்பட்டும் இடைத்தங்கல் உள்ளவர்களுக்கு, வழிகாட்டியுடன் கூடிய இலவச நகரச் சுற்றுலா உண்டு. ஏறக்குறைய 2½ மணி நேரம் நீடிக்கும். இருக்கைகள் குறைவு என்பதால் முன்பதிவு செய்வது நல்லது. இதற்கும் நாட்டுக்குள் நுழையும் தகுதி வேண்டும்.

விசா இல்லாதவர்கள் ஏமாற்றமடைய வேண்டாம். இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கிடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜுவல் கட்டடத்தின் ஊடாகவே செல்கிறது. உள்பகுதியில் ஏறும் பயணியும் கண்ணாடிச் சாளரத்தின் வழியே அந்நீர்வீழ்ச்சியைச் சில நொடிகள் பார்க்கலாம். ஒருமுறை போய்த் திரும்பினால் இருமுறை பார்க்கலாம்.

திரும்பும் நேரம்

உலாவும்போது ஒலிபெருக்கியில் அழைப்பார்கள் என்று நம்பியிருக்கக் கூடாது. அறிவிப்புத் திரையைத்தான் நம்ப வேண்டும். கேட் மாறுவதும் உண்டு. வெளிப்பகுதிக்குச் சென்றவர்கள் மீண்டும் குடிநுழைவைக் கடந்து வர வேண்டும் என்பதால், விமான நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே உள்ளே வந்துவிடுவது பாதுகாப்பு. உள்பகுதியிலேயே இருப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகத் தண்ணீர் குடித்து, ஓய்வறை சென்று, பாட்டிலைக் காலி செய்து, கடவுச்சீட்டையும் போர்டிங் பாஸையும் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்குச் செல்லலாம்.